ஃபார்மட்டுக்கு முன்னால்

நேற்று வரை கேட்ட சத்தம் இன்று கேட்கவில்லை. வைஃபை அடையாளத்தையே காணோம். திரை சட்டென்று இருண்டு, சில நொடி கழித்துத் திரும்புகிறது. மூடி வைத்த லேப்டாப் பைக்குள் சூடேறிக் கிடக்கிறது. பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “ஃபார்மட் அடிச்சிடலாம் சார்.” அடித்தால் பல நேரம் சரியாகியும் விடுகிறது. அதனாலேயே அந்தப் பதில் ஊரெங்கும் நிலைத்துவிட்டது. ஆனால் கூடவே போவது என்னென்ன? கல்லூரி ப்ராஜெக்ட், குடும்பப் படங்கள், கடைக்கணக்கு, காசு கொடுத்து வாங்கிய மென்பொருளின் உரிமம். இவ்வளவும் போன பிறகு விண்டோஸ் அப்டேட் வழியாக அதே டிரைவர் மறுபடி வந்து இறங்கினால், கோளாறும் கூடவே வந்துவிடும்.

டிரைவர் அப்டேட்டால் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வன்பொருளை மாற்றவும் வேண்டாம், தரவை அழிக்கவும் வேண்டாம். என்ன மாறியது, எந்த நாளில் மாறியது என்று கண்டுபிடித்து, அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பின்வாங்கினால் போதும். இதற்கான கருவிகள் எல்லாம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. அவை சாதாரணப் பயனரின் கண்ணில் படாத மூலைகளில் கிடப்பதுதான் என் முதல் வருத்தம்.

ஒரு சின்ன டிரைவர் முழுக் கணினியையும் எப்படிக் கவிழ்க்கிறது? ஒலிச் சிப்பு, டச்பேட், கேமரா, கைரேகை உணரி, பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் விண்டோஸுக்கும் நடுவே நின்று பேசும் நிரல்தான் டிரைவர். ஒரு சாதாரண லேப்டாப்பில் இவை நூற்றுக்கு மேல் இருக்கும். இவற்றில் பல, கெர்னல் என்ற மையப்பகுதிக்குள் உச்ச அதிகாரத்துடன் ஓடுகின்றன. குரோம் தடுமாறினால் குரோம் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டாலோ, மற்றத் தரவும் கெட்டுவிடக்கூடாது என்று விண்டோஸ் மொத்தத்தையும் நிறுத்திவிடும். ஒரு அறையில் ஷார்ட் ஆனதும் மெயின் ட்ரிப் ஆகி வீடே இருண்டுவிடும் அல்லவா, நீலத்திரையும் அப்படித்தான். அது நிகழ்வது பாதுகாப்புக்காக.

இது பழைய நோய். விண்டோஸ் எக்ஸ்பியில் பதிவான செயலிழப்புகளில் 85 விழுக்காட்டுக்கு டிரைவர்களே காரணம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் எழுதினார்கள். அதற்கு முன்பே, 2001இல், லினக்ஸ் கெர்னலின் பிற பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்று காட்டியிருந்தது. 2007இல் விஸ்டா வந்தபோது பதிவான செயலிழப்புகளில் சுமார் 29 விழுக்காடு என்விடியாவின் டிரைவர்களால் நேர்ந்தவை என்பது, பின்னாளில் ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்களால் தெரிந்தது. விண்டோஸை எழுதுபவர் ஒருவர், டிரைவரை எழுதுபவர் இன்னொருவர், இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பவர் மூன்றாமவர். மூவரும் தனித்தனியே சோதிக்கிறார்கள். மூன்றும் சேர்ந்து ஓடுவதை முழுமையாகச் சோதிப்பது கடைசியில் வாங்கியவரின் மேசையில்தான் நடக்கிறது.

இதைச் சரிசெய்ய நேர்மையான முயற்சிகள் நடக்காமல் இல்லை. அவற்றில் ஒன்றில் நம் ஊர்க்காரர் ஒருவரின் பங்கு பெரிது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணியும் தாமஸ் பாலும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப்பிரிவில் ‘ஸ்லாம்’ என்ற திட்டத்தை உருவாக்கினார்கள். ஒரு டிரைவரை ஓட்டிப் பார்க்காமலே, அதன் நிரலைக் கணித முறையில் ஆராய்ந்து, விண்டோஸுடன் பேசும் விதிகளை அது எங்கே மீறுகிறது என்று கண்டுபிடிக்கும் முறை அது. பூட்டிய பூட்டைத் திறக்காமல் விட்டுவிடும் வழி நிரலில் எங்காவது உண்டா என்பது போன்ற கேள்விகளுக்கு அது விடை சொல்லும். அதிலிருந்து பிறந்த சோதனைக் கருவியை டிரைவர் எழுதுவோருக்கான தொகுப்பிலேயே மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. விஸ்டாவிலிருந்து கிராஃபிக்ஸ் டிரைவரின் பெரும்பகுதி கெர்னலுக்கு வெளியே வந்தது. கிராஃபிக்ஸ் சிப்பு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸே அதை மீட்டமைக்கும் ஏற்பாடும் வந்தது. திரை இருண்டு திரும்பும் அந்தக் கணத்தில் நடப்பது இதுதான். எக்ஸ்பி காலத்தில் அதே கோளாறு வேலையை முழுக்க விழுங்கியிருக்கும்.

லேப்டாப்பில் சிக்கல் இன்னும் கூடுதல். மேசைக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனம் தரும் டிரைவரை நேரே போடலாம். லேப்டாப்பிலோ ஒளியளவு விசை, விசிறி வேகம், மூடியை மூடினால் தூக்கம், இரண்டு கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கு இடையே வேலைப் பங்கீடு என்று எல்லாவற்றையும் தயாரிப்பாளர் தன் மாடலுக்கு ஏற்பத் திருத்தியிருப்பார். சிப்பு நிறுவனத்தின் பொது டிரைவர் புதியதாக இருக்கும். ஆனால் அந்த மாடலுக்கான திருத்தம் அதில் இல்லாமல் போகலாம்.

புதியது எது என்பதிலேயே குழப்பம் உண்டு. டிவைஸ் மேனேஜரில் இன்டெல் சிப்செட் டிரைவர் ஒன்றைத் திறந்தால் 1968 ஜூலை 18 என்று தேதி இருப்பதைப் பார்க்கலாம். அது இன்டெல் நிறுவனம் தொடங்கிய நாள். அந்த மாடலுக்கென்றே எழுதிய வேறு டிரைவர் இருந்தால் அதற்கு இது வழிவிட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே போட்ட பழைய தேதி. விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவர்களில் 2006 ஜூன் 21 என்று இருப்பதும் அதே காரணத்தால்தான். இந்தத் தேதிகளைக் காட்டி “உங்கள் டிரைவர் பல ஆண்டு பழசு, உடனே மாற்றுங்கள்” என்று பயமுறுத்தும் ‘டிரைவர் அப்டேட்டர்’ மென்பொருள்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. நன்றாக ஓடும் இயந்திரத்தில் பொருந்தாத டிரைவர்களைக் கொண்டுவந்து திணிப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பதிப்பு எண்ணையும் கண்மூடி நம்ப முடியாது. விண்டோஸ் 11 வந்த புதிதில் இன்டெலின் ஸ்மார்ட் சவுண்ட் டிரைவரின் சில பதிப்புகள் நீலத்திரை தந்தபோது, 10.30 என்று தொடங்குவது 10.29 என்று தொடங்குவதைவிடப் புதியதல்ல, கடைசிப் பகுதி எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே விளக்க வேண்டியிருந்தது.

பெரிய நிகழ்வுகளை அடுக்கிப் பார்த்தால், தவறுகள் ஒரே மாதிரியானவை அல்ல என்பது புரியும். 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 பதிப்பு விசிறி வேகத்தைச் சரியாகக் கூட்டவில்லை. விளையாடும்போது கார்டுகள் சூடேறின. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. 2014 அக்டோபரில் நடந்தது வேறு ரகம். எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் யு.எஸ்.பி. சிப்புகளுக்குப் போலிகள் சந்தையில் நிறைய. விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் புதிய டிரைவர், போலிச் சிப்பைக் கண்டதும் அதன் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கிச் செயலிழக்க வைத்தது. பொருளில் இருப்பது போலிச் சிப்பு என்பதே தெரியாமல் வாங்கியவர்கள் தண்டனை அனுபவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவர் விலக்கப்பட்டது. 2017 மே மாதம் ஹெச்.பி. லேப்டாப்களின் கோனெக்சன்ட் ஒலி டிரைவர் தொகுப்பு, தட்டப்படும் ஒவ்வொரு விசையையும் ஒரு கோப்பில் எழுதிவைப்பதை மோட்ஸீரோ என்ற சுவிஸ் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. கடவுச்சொல்லும் அதில் பதிவாகும். சோதனைக்காக எழுதிய நிரலை நீக்க மறந்ததன் விளைவு. இயந்திரம் ஒழுங்காக ஓடிக்கொண்டே இருந்ததால் பாதிக்கப்பட்டவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. இந்த வகைதான் எனக்கு எல்லாவற்றிலும் அதிக அச்சம் தருவது.

2018 அக்டோபர் லேப்டாப்காரர்களுக்குப் போதாத மாதம். ஹெச்.பி.யின் விசைப்பலகை டிரைவர் ஒன்று விண்டோஸ் 10இன் புதிய அப்டேட்டோடு ஒத்துப்போகாமல் நீலத்திரை தந்தது. அதே மாதம் இன்டெலின் ஒலி டிரைவர் ஒன்று தவறுதலாகப் பொருந்தாத கணினிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்து சத்தத்தைப் பறித்தது. அதை நீக்குவதற்கென்றே மைக்ரோசாஃப்ட் இன்னொரு அப்டேட் அனுப்பியது. டிரைவரில் பிழை இருப்பது ஒன்று. நல்ல டிரைவர் தப்பான முகவரிக்குப் போவது வேறொன்று. பயனருக்கு இரண்டும் ஒரே வலிதான்.

2024 ஜூலை 19ஐ உலகம் மறக்காது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர் கெர்னலுக்குள் ஓடுவது. கணினி எழும்போதே எழுவது. அன்று மாறியது டிரைவர்கூட அல்ல, அது படிக்கும் ஒரு தரவுக் கோப்பு மட்டுமே. 20 புலங்கள் வரும் என்று எதிர்பார்த்த நிரலிடம் 21ஆவது புலத்தைப் பார்க்கச் சொன்னது அந்தக் கோப்பு. இல்லாத இடத்தைப் படிக்கப் போய் டிரைவர் விழுந்தது, அதோடு விண்டோஸும் விழுந்தது. மறுபடி எழுந்தால் மறுபடி அதே கோப்பு, மறுபடி நீலத்திரை. 78 நிமிடங்களில் நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்ன? சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை அழிப்பது. அவ்வளவுதான். ஆனால் அதை ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்தது. பல இடங்களில் அதற்கு முன்பே பிட்லாக்கர் பூட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு வழிமறித்தது. விமான நிலையத்தின் மொத்தச் செயலிழப்புக்கும் நம் வீட்டு லேப்டாப்பின் சத்தமின்மைக்கும் மருத்துவம் ஒன்றே: மாறியதைப் பின்வாங்குவது.

மாறியதைக் கண்டுபிடிப்பது எப்படி? ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டினால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்ற பக்கம் வரும். நாள்வாரியாகக் கட்டங்கள், செயலிழந்த நாளில் சிவப்புக் குறி, கீழே அன்று நிறுவப்பட்டவற்றின் பட்டியல். கோளாறு தொடங்கிய நாளும் ஒரு டிரைவர் இறங்கிய நாளும் பொருந்துகின்றனவா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். இத்தனை பயனுள்ள பக்கம் விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. கடைக்குப் போகும் முன் எல்லோரும் பார்க்க வேண்டியது இது.

எங்கள் தெருவில் பி.காம். படிக்கும் பெண் ஒருத்தி ஒரு மாலை லேப்டாப்போடு வந்தாள். “வைஃபை கார்டே போச்சுன்னு கடைல சொல்றாங்க அங்கிள், மாத்தணுமாம்.” டிவைஸ் மேனேஜரைத் திறந்தோம். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரிசையில் வைஃபை கார்டின் பெயர் தெளிவாக இருந்தது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். கார்டு செத்திருந்தால் பெரும்பாலும் பெயரே வராது. அதைச் சொன்னதும் அவள் முகம் சற்றுத் தெளிந்தது. இருமுறை சொடுக்கிப் பார்த்தால் ‘கோட் 10’, அதாவது சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. ரிலையபிலிட்டி பக்கத்தில் முந்திய நாள் இரவு அதே கார்டின் டிரைவர் அப்டேட் ஆகியிருந்தது. ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான் மங்கிக் கிடந்தது. முந்திய பதிப்பு சேமிப்பில் இல்லாவிட்டால் அப்படித்தான் இருக்கும். பழைய டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர வைஃபை வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் சோர்ந்துபோய்க் கடைக்குத் திரும்புகிறார்கள். அவளுடைய ஆண்ட்ராய்டு போனை சார்ஜ் ஒயராலேயே லேப்டாப்பில் மாட்டி, போனில் யு.எஸ்.பி. டெதரிங்கை இயக்கினோம். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் இணையம் உடனே வந்தது. தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து முந்திய பதிப்பை இறக்கினோம். பிறகு டிவைஸ் மேனேஜரில் ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்தோம். அப்போது வரும் சிறு பெட்டியில் டிரைவரையும் சேர்த்து நீக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் விண்டோஸ் தன் கிடங்கிலிருந்து அதே கெட்ட டிரைவரை எடுத்து மறுபடி போட்டுவிடும். நெட்டை நிறுத்திவிட்டுப் பழைய பதிப்பை நிறுவி ரீஸ்டார்ட் செய்ததும் அவளுடைய வீட்டு வைஃபை பெயர் பட்டியலில் வந்து நின்றது.

ரீஸ்டார்ட் என்றுதான் சொன்னேன்; ஷட் டவுன் அல்ல. விண்டோஸ் 8இலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இருப்பதால், ஷட் டவுன் செய்யும்போது கெர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்து வைக்கப்படுகிறது. தடுமாறிய டிரைவர் தடுமாறிய நிலையிலேயே மீள எழும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அணைத்து அணைத்துப் போட்டும் சரியாகாத கோளாறு ஒரே ரீஸ்டார்ட்டில் போவதன் காரணம் பல நேரம் இதுவே.

பிழை எண்கள் இன்னும் சிலவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தில் சிக்கல். 43 என்றால் சாதனமே தன்னிடம் கோளாறு என்று அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தியிருக்கிறது. இந்த எண்ணைக் கண்டால் டிரைவரோடு வன்பொருளையும் சந்தேகிக்க வேண்டும்.

திரையே வராவிட்டால்? முதலில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடும் ‘பி’ விசையைச் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். பலனில்லை என்றால், விண்டோஸ் எழும் நேரத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை தானாக வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட். அங்கே விண்டோஸின் அடிப்படைத் திரை டிரைவர் மட்டும் ஓடுவதால் படம் வரும். சேஃப் மோடில் அமைதியாக ஓடும் லேப்டாப், வழக்கமான முறையில் மட்டும் விழுந்தால், வெளியிலிருந்து வந்த டிரைவர் ஒன்றின் மீதுதான் சந்தேகம் விழும். சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளி இருந்தால் இதே திரையிலிருந்து முந்திய நாளுக்குத் திரும்பலாம்; உங்கள் கோப்புகளை அது தொடாது. உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு வழி இன்னும் எளிது: தொடக்கப் பட்டியலின் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் முந்திய கெர்னல் காத்திருக்கும்.

இந்த மீட்பு வழியும் உடையக்கூடியதே. 2025 அக்டோபர் 14இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, மீட்புத் திரையில் யு.எஸ்.பி. விசைப்பலகையும் மவுஸும் வேலை செய்யவில்லை. வழக்கமான விண்டோஸில் எல்லாம் ஓடும். விழுந்த பிறகு எழ நினைத்தால்தான் கை கட்டப்பட்டிருப்பது தெரியும். ஆறு நாளில் அவசரத் திருத்தம் வந்தது. லேப்டாப் நலமாக இருக்கும்போதே பிட்லாக்கர் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைக்கவும், கோப்புகளை வெளியே ஒரு பிரதி எடுத்து வைக்கவும் நான் பார்ப்பவரிடமெல்லாம் வற்புறுத்துவது இதனால்தான்.

டிரைவர் மீது மட்டுமே பழியைப் போடுவதும் நியாயமல்ல. 2008இல் பல லேப்டாப்களில் என்விடியா சிப்புகள் படம் காட்டாமல் நின்றன. டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்து மக்கள் அலுத்தார்கள். காரணம் சிப்பைப் பொதிந்த பொருளின் பலவீனம். சூடேறி ஆறி, சூடேறி ஆறி இணைப்புகள் விட்டுப்போயின. அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அந்த ஜூலையில் நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு லினக்ஸின் சோதனைப் பதிப்பொன்றில் இன்டெல் நெட்வொர்க் சிப்புகளின் நிலைநினைவகம் அழிந்தது. எல்லோரும் அந்தச் சிப்பின் டிரைவரைச் சாடினார்கள். ஆராய்ந்தபோது குற்றவாளி கெர்னலின் வேறொரு மூலையில் இருந்த கண்காணிப்புக் கருவி. 2013இல் சாம்சங் லேப்டாப்கள் லினக்ஸ் ஏற்றியதும் நிரந்தரமாகப் படுத்தன. சாம்சங்குக்கென எழுதிய லினக்ஸ் டிரைவர்தான் காரணம் என்றார்கள். விண்டோஸிலிருந்தும் அதே சாவை நிகழ்த்த முடியும், கோளாறு ஃபர்ம்வேரில் இருக்கிறது என்று மாத்யூ காரெட் என்ற நிரலாளர் நிரூபித்தார். ஆகவே பின்வாங்கியும் சரியாகவில்லை என்றால், பென் டிரைவிலிருந்து உபுண்டுவை நிறுவாமல் ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. அதிலும் சத்தமோ வைஃபையோ வரவில்லை என்றால் வன்பொருள் மீதான சந்தேகம் வலுக்கும். வந்துவிட்டால் கார்டை மாற்றச் சொல்பவரிடம் துணிந்து மறுத்துப் பேசலாம்.

நிலைமை மெல்ல முன்னேறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மே மாதப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10இல் விருப்ப டிரைவர்கள் தனிப் பட்டியலில் வருகின்றன. கோளாறு இல்லாதவர் அந்தப் பட்டியலைத் தொட வேண்டியதில்லை. ஒத்துப்போகாத டிரைவர் உள்ள கணினிகளுக்குப் பெரிய அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைக்கிறது. கிரவுட்ஸ்ட்ரைக் பேரிடருக்குப் பிறகு, எழ முடியாத கணினிகளுக்குத் தொலைவிலிருந்தே திருத்தம் அனுப்பும் ஏற்பாட்டை 2024 நவம்பரில் அறிவித்தது. பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வேலையும் தொடங்கியிருக்கிறது.

ஆனால் வீட்டுப் பயனருக்கு வேண்டிய ஒரு சிறு உரிமை இன்னும் செட்டிங்ஸில் இல்லை. கெட்ட டிரைவரை நீக்கிய பின் அது திரும்பி வராமல் தடுக்க, நிறுவனங்களில் குரூப் பாலிசியில் ஒரு விதியை மாற்றினால் போதும். ஹோம் பதிப்பில் அந்த வசதி கிடையாது. அப்டேட் முழுவதையும் சில வாரம் நிறுத்தி வைக்கலாம். அப்போது பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நின்றுவிடும். குறிப்பிட்ட ஒரு அப்டேட்டை மட்டும் மறைக்கும் ‘ஷோ ஆர் ஹைட் அப்டேட்ஸ்’ என்ற சிறு கருவியை மைக்ரோசாஃப்டே செய்து தனியாக வெளியிட்டது. விண்டோஸோடு சேர்த்துத் தரவில்லை. அதன் பெயர் தெரிந்தவர்கள் மட்டுமே தேடி எடுத்தார்கள். அப்டேட் பட்டியலில் ஒவ்வொரு டிரைவருக்கும் எதிரே “இது வேண்டாம்” என்று சொல்ல ஒரு பொத்தான் வேண்டும். பக்கத்திலேயே முந்திய பதிப்புக்குத் திரும்ப இன்னொரு பொத்தானும் வேண்டும். லேப்டாப் தயாரிப்பாளர்கள் தங்கள் பழைய மாடல்களின் பழைய டிரைவர்களைத் தளத்திலிருந்து எடுத்துவிடாமல் வைத்திருக்கவும் வேண்டும். அந்தப் பி.காம். மாணவிக்குப் பழைய பதிப்பு கிடைத்தது, அவளுடைய மாடலின் பக்கம் இன்னும் தளத்தில் இருந்ததால்தான்.